ஓர் இடத்துக்கு ஏழு பேர்

ஆகஸ்ட் 6, ஞாயிறு

ஷனீஸ் ஜாக்சன் நகர ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸ் ஆகிவிட்டாள். அவள் தம்பி ராய்ஸ் சொந்தமாக இரண்டு லாரி ஓட்டுகிறான். சின்னவள் மெலடி கல்லூரி பேண்டு வாத்தியத்தில் முன்வரிசையில் நின்று டிரம்பெட் ஊதுகிறாள். டெமரியஸ், என் கடைசி மகளின் பிள்ளை, பெரிய ஃபுட்பால் அணியின் பயிற்சி முகாமில் இருக்கிறான். ஐந்தாம் வகுப்போடு பருத்திக் காட்டுக்குப் போனவளுக்கு இப்படிப் பேரப்பிள்ளைகள். எழுதிப் பார்க்கவே நன்றாக இருக்கிறது.

முகாமில் தொண்ணூறு பேர். மாதக் கடைசியில் ஐம்பத்து மூன்று பேரைத்தான் வைத்துக்கொள்வார்கள். டெமரியஸ் கார்னர்பேக். எங்கள் ஊர் ஃபுட்பாலில் பந்தைக் கையால்தான் எறிவார்கள், அதைப் பிடிக்க எதிரணிக்காரன் ஓடுவான். அவனோடு ஒட்டிக்கொண்டு ஓடி, பந்து அவன் கைக்குப் போகாமல் தட்டிவிட வேண்டும். அவன் எங்கே திரும்புவான் என்பது அவனுக்குத்தான் தெரியும். இவன் பின்பக்கமாக ஓடிக்கொண்டே அதைக் கண்டுபிடிக்க வேண்டும். சும்மா வேலையா அது? பதினோரு கார்னர்பேக் வந்திருக்கிறார்கள், ஐந்து பேருக்குத்தான் இடம். அதிலும் நான்கு இடம் பழைய ஆட்களுக்கு. மிச்சம் ஓர் இடம், ஏழு பேர்.

ஆகஸ்ட் 9, புதன்

போனில் பேசினான். "ஏழு பேரெல்லாம் பேருக்குத்தான் பாட்டி. நெஜமா நானும் கீனனும்தான்." கீனன் இவனோடு ஒரே அறையில் இருக்கிற பையன். ஜார்ஜியாக்காரன். இரண்டு பேருக்கும் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலாம்.

"கொறட்டையிலயும் என்னைவிட வேகம் பாட்டி அவன்."

பின்னாலிருந்து அந்தப் பையன் கத்தினான்: "பொய் பாட்டிம்மா! உங்க பேரன் தூக்கத்துலயும் பின்னாடியே ஓடுறான். நேத்து கட்டில்லேருந்து விழுந்தான், கேளுங்க!"

சிரித்துவிட்டேன். சிரித்திருக்கக் கூடாது.

ஆகஸ்ட் 12, சனி

முதல் ஒத்திகை ஆட்டம், டிவியில். டெமரியஸைக் கடைசிப் பதினைந்து நிமிடத்தில்தான் இறக்கினார்கள். ஒரு பந்தைத் தட்டினான். கீனன் இரண்டைத் தட்டி, ஒன்றைப் பிடித்தே விட்டான். அறிவிப்பாளர் அவன் பேரை மூன்று தடவை சொன்னார். என் பிள்ளை பேரை ஒரே தடவை. அதுவும் தப்பாக.

ஆகஸ்ட் 16, புதன்

சபையில் ஜெபக் கூட்டம். வேண்டுதலைச் சீட்டில் எழுதிப் பெட்டியில் போட வேண்டும். போதகர் யாருடையதையும் படிக்க மாட்டார், பெட்டிமேல் கை வைத்து ஜெபிப்பார். டெமரியஸுக்கு அந்த இடத்தைத் தாரும் என்று எழுதினேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். கீழே இன்னொரு வரி எழுதினேன்: கீனனை வழியிலிருந்து விலக்கும்.

பேரோடு எழுதினேன்.

"என்னக்கா, கடுதாசியே எழுதுறீங்க? ஆண்டவருக்குக் கண்ணு வலிக்கப் போகுது" என்றாள் பக்கத்தில் இருந்த சபைத் தோழி சிஸ்டர் எர்லீன். சட்டென்று மடித்துப் போட்டுவிட்டேன்.

ஆகஸ்ட் 19, சனி

இரண்டாவது ஆட்டம். கீனன் விழுந்துவிட்டான்.

யாரும் இடிக்கவில்லை. நன்றாக ஓடிக்கொண்டிருந்தவன், பின்னாலிருந்து யாரோ சுட்டதுபோலத் தொடையைப் பிடித்துக்கொண்டு புல்லில் உருண்டான். அவனுக்குப் பதிலாக என் பேரன் இறங்கினான். நான் டிவியை அணைத்துவிட்டேன். இத்தனை நாள் இதற்காகத்தானே காத்திருந்தேன்? அவன் ஆடினதைப் பார்க்கவில்லை.

ஆகஸ்ட் 20, ஞாயிறு

சபைக்குப் போகவில்லை.

ஆகஸ்ட் 23, புதன்

"தொடைத் தசை கிழிஞ்சிருச்சு பாட்டி. இந்த சீசன் அவனுக்கு அவ்வளவுதான்." டெமரியஸ்தான் போனில். போட்டி தீர்ந்தவனின் குரலாக இல்லை அது. கீனனை மருத்துவர்கள் இருக்கிற பக்கம் வேறு அறைக்கு மாற்றிவிட்டார்களாம்.

ஆண்டவர் இப்படியெல்லாமா கேட்டுக்கொள்வார்? கேட்டுக்கொண்டார் என்றால், கேட்டவள் யார்? நான்தானே.

ஆகஸ்ட் 29, செவ்வாய்

ஆட்களைக் குறைக்கிற நாள். ஆட்ட வியூகமெல்லாம் ஏற்றின டேப்லெட் ஒன்றை ஒவ்வொருவனுக்கும் கொடுத்திருக்கிறார்கள். 'கோச் கூப்பிடுறார், டேப்லெட்டையும் எடுத்துட்டு வா' என்று ஆள் வந்து சொன்னால் மூட்டை கட்ட வேண்டியதுதான். டெமரியஸ் அறைக்குள்ளேயே உட்கார்ந்திருந்தானாம். மூன்று தடவை காலடிச் சத்தம் வந்து, கதவைத் தாண்டிப் போனதாம்.

கெடு முடிந்த பிறகு கூப்பிட்டான். "நான் இருக்கேன் பாட்டி."

எர்லீனிடம் சொன்னேன். அவளிடம் சொன்னால் ஊருக்கே சொன்ன மாதிரி. சாயங்காலத்துக்குள் வாசலில் ஆறு கார். கெளுத்தி மீன் வறுத்து மாளவில்லை. எல்லோரும் என்னைக் கட்டிக்கொண்டார்கள். அந்தச் சீட்டை மட்டும் நான் மறக்கவில்லை.

ஆகஸ்ட் 30, புதன்

மிச்ச மீனைச் சூடு பண்ணிக்கொண்டிருந்தபோது டெமரியஸ் போன் பண்ணினான்.

ஓர் அணி கழித்துவிட்ட ஆளை மறுநாள் இன்னோர் அணி எடுத்துக்கொள்ளும். இத்தனை வருஷமாக ஃபுட்பால் பார்க்கிறவளுக்கு இது தெரியாதா? தெரியும். தெரிந்தும் ஒரு நாள் முந்திக்கொண்டு அடுப்பு மூட்டினேன். வேறு ஊரில் கழித்த கார்னர்பேக் ஒருவனை இவர்கள் எடுத்துக்கொண்டார்கள். அவனுக்கு இடம் வேண்டுமே, டெமரியஸை விட்டுவிட்டார்கள். ஒரு நாள்கூட முழுசாக அவன் அந்த ஐம்பத்து மூன்று பேரில் இல்லை.

அப்போதுதான் அவனிடம் எல்லாவற்றையும் கொட்டினேன், சீட்டு, கீனன் பேர், எல்லாம். "அதான்டா உனக்கு இப்பிடி ஆச்சு. என்னாலதான்."

"அதை அவன்கிட்ட சொல்லுங்க பாட்டி" என்று நம்பரைக் கொடுத்தான். கோபமா? தெரியவில்லை.

ஆகஸ்ட் 31, வியாழன்

மூன்று தடவை நம்பரைப் போட்டுப் போட்டு வைத்தேன். நாலாம் தடவை கீனன் எடுத்துவிட்டான். சொன்னேன். சிரித்தான்.

"பாட்டிம்மா, மே மாசத்துலேருந்தே அந்தத் தொடை வலிதான். யார்கிட்டயும் சொல்லலை. வைத்தியர் மேசையில நான் படுத்தா, என் இடத்துல உங்க பேரன் நிப்பான்ல? இறுக்கிக் கட்டிக்கிட்டு ஓடினேன். உங்க சீட்டு லேட்டு."

"டெமரியஸுக்குத் தெரியுமாப்பா?"

"ஒரே ரூம்ல தெரியாம எப்படி? அவன்தான் தெனமும் ஐஸ் கொண்டாந்து குடுப்பான். யார்கிட்டயும் மூச்சு விடலை."

போனை வைத்தேன். டெமரியஸ் கோச்சிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போட்டி அன்றைக்கே முடிந்திருக்கும். சொல்லவில்லை. அதற்காகப் பெருமைப்படுவதா? ஆனால் சொல்லியிருந்தால் அந்தத் தசை கிழியாமலும் இருந்திருக்குமே. நினைக்க நினைக்க ஒரு முடிவுக்கும் வர முடியவில்லை. நான் சீட்டு எழுதின நேரத்தில் அவன் ஐஸ் சுமந்துகொண்டிருந்தான். அது மட்டும் எனக்குத் தெரிகிறது.

செப்டம்பர் 4, திங்கள்

டெமரியஸை அதே அணியின் பயிற்சிக் குழுவில் எடுத்திருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தில் இறங்க முடியாது. வாரம் முழுவதும் எதிரணிக்காரன் மாதிரி ஆடிக் காட்டி, மற்றவர்களைத் தயார் பண்ண வேண்டும். கார்னர்பேக் யாருக்காவது அடிபட்டால் கூப்பிடுவார்கள்.

"யாருக்கும் அடிபடாம என்னைக் கூப்பிடணும்னு வேண்டிக்கோங்க பாட்டி."

"அது எப்படிடா நடக்கும்?"

"அது ஆண்டவர் பாடு. நீங்க அவருக்கு வழி சொல்லாதீங்க."

ஒன்றே ஒன்று கேட்டேன்: புதுசா ஒரு போட்டோ எடுத்துத் தபால்ல அனுப்பு. போன்ல காட்டாதே, கையில பிடிச்சுப் பார்க்கிற மாதிரி வேணும். கீனனையும் பக்கத்துல நிக்க வை. ஊன்றுகோலோட நின்னாலும் சரி.