தலையணைக்கடியில் உன் காகிதம்

மதராஸ்
12-8-1957

அன்பு சக்கீனாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். நீயும் மாமியும் பிள்ளைகளும் சுகமாயிருக்க துஆ செய்கிறேன்.

போன மாதம் என் வலது கண் சிவந்து மங்கியது. கண்வலி என்று சொட்டு மருந்து விட்டேன். ஆஸ்பத்திரி டாக்டர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றச் சொன்னார். தூத்துக்குடியில் சங்கு குவித்து வைக்கும் கிட்டங்கியில் சில்லு தெறித்துப் பார்வை போன இடது கண்ணைப் பார்த்ததும், "இதை ஏன்யா முதல்லயே சொல்லலை? அடிபட்ட கண்ணால உடம்பு நல்ல கண்ணையும் பகையா நினைச்சுத் தாக்குது. அபூர்வமான நோய். அப்பவே அதை எடுத்திருந்தா இது வந்திருக்காது" என்றார்.

"மய்யித்து மண்ணுக்குள்ள முழுசாப் போணும், கண்ணை எடுக்க வேண்டாம்" என்று நீ அன்று அழுததை அவரிடம் சொல்லவில்லை. தலையாட்டியவன் நான்தானே.

கார்டிசோன் ஊசி போடுகிறார்கள். சிவப்பு குறைந்திருக்கிறது. கண்களைக் கட்டியதும் அந்தச் செத்த கண்ணில் சங்குத் தூள் வெள்ளையாகப் பறக்கிறது. நடுவில் நீ நிற்கிறாய். முகம் மட்டும் தெரிவதில்லை.

தடவித் தடவி எழுதுகிறேன், வரி கோணினால் பொறுத்துக்கொள். உன் காகிதம் வந்து எட்டு நாளாயிற்று. அறபு எழுத்தில் நீ எழுதும் அறபுத்தமிழைப் படிக்க இந்த வார்டில் வேறு ஆளில்லை. இனி கறுப்பு மையில், பக்கத்துக்கு நாலே வரியாகப் பெரிதாக எழுது.

கட்டுப் போட வருகிறார்கள். தலையணைக்கடியில் இருக்கும் உன் காகிதத்தில் என்ன எழுதியிருந்தாய் என்பதையும் அடுத்ததில் சொல்.

உன்
முத்துவாப்பா