உன் ரத்தப் பரிசோதனையின் முடிவு வந்துவிட்டது

என் அக்கா கன்னிக்கு,

உன் மகள் பேச ஆரம்பித்துவிட்டாள். என்னைத்தான் அம்மா என்கிறாள். சித்தி என்று சொல்லிக்கொடுக்கச் சொல்கிறார்கள். எனக்கு வாய் வரவில்லை. கோபித்துக்கொள்வாயா?

நம் ஏரிக்கரை வீடுகளுக்கு இன்னும் பட்டா வரவில்லை. மாமா இன்னும் நீங்கள் இருவரும் வேலை பார்த்த வாலாஜாபாத் அரிசி ஆலையில்தான் இருக்கிறார். வாரம் ஒருமுறை வந்து தன் குழந்தையைப் பார்த்துவிட்டுப் போகிறார். நல்ல சேதியாக எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் போன மாதம் ஒன்று தெரியவந்தது. அதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

சென்னையிலிருந்து ஆராய்ச்சிக்காரர்கள் வந்தார்களே, நினைவிருக்கிறதா? இருளர்களின் உடல்நலம் பற்றிய ஆய்வு என்றார்கள். நம் ஆட்களிலேயே படித்த பெண் ஒருத்தி வேண்டும் என்று என்னைக் கேட்டார்கள். காஞ்சிபுரத்தில் பட்டுக்கடையில் புடவை மடித்துக்கொண்டிருந்தவள், அன்றே வேலையை விட்டேன். கழுத்தில் அடையாள அட்டை தொங்கியது. கடையில் என்னை ஏய் என்பார்கள். இவர்கள் மேடம் என்றார்கள். எனக்கு அது போதுமாயிருந்தது.

நீ அப்போது நான்கு மாதம். உன்னைப் பார்த்து மற்றவர்களும் வரட்டும் என்று முதல் ஆளாக உன்னைத்தான் உட்காரவைத்தேன். நீ கை நீட்டத் தயங்கினாய்.

"ரத்தத்த எடுத்துக்கினு போய் இன்னாடி பண்ணுவாங்க?"

"உடம்புல இன்னா கொறன்னு பாத்து சொல்லுவாங்கக்கா. நீ ஆஸ்பத்திரிக்கு அலைய வேணாம்" என்றேன்.

நீ என்னை நம்பினாய். அலையவும் இல்லை.

அதற்கப்புறம் நெல் காயவைக்கும் களத்தில் நான்கு அடி வைத்தால் உட்கார்ந்துவிடுகிறாய் என்று மாமா சொன்னார். மூச்சு வாங்கியது, முகம் வெளுத்தது. பிள்ளைத்தாச்சி என்றால் அப்படித்தான் என்றார்கள் ஆலையில். ரிசல்ட் வந்துவிட்டதா என்று என்னிடம் இரண்டு முறை கேட்டாய். நானும் போன் செய்து கேட்டேன். வரும்மா, வரும் என்றார்கள்.

வலி எடுத்து உன்னைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது டாக்டரம்மா எங்களைத்தான் திட்டினார். உடம்பில் ரத்தமே இல்லாத பெண்ணை இத்தனை நாள் எங்கே வைத்திருந்தீர்கள் என்று கேட்டார். குழந்தை அழுதது. நீ கண் திறக்கவில்லை.

போன மாதம் அதே குழு இரண்டாம் சுற்றுக்கு வந்தது. பளபளவென்று அட்டை போட்ட அறிக்கை ஒன்றைக் கையில் கொடுத்தார்கள். அட்டையில் நம் அம்மாவின் படம், அவளைக் கேட்காமலே எடுத்தது. பழைய பட்டியலில் யார் யார் இருக்கிறார்கள் என்று சரிபார்க்க ஒரு மாணவி லேப்டாப்பைத் திறந்தாள். முதல் பெயர் உன்னுடையது. பக்கத்தில் சிவப்பில் ஓர் எண். அது என்ன என்று கேட்டேன். ரத்தத்தின் அளவு, ரொம்பக் குறைவு என்றாள். எப்போது தெரிந்தது என்று கேட்டேன். ரத்தம் எடுத்த அதே வாரம் என்றாள்.

இவர் என் அக்கா, இறந்துவிட்டார் என்றேன். அவள் முகம் வாடியது. சாரி என்றாள். பிறகு உன் பெயருக்கு நேரே இருந்த காலிக் கட்டத்தில் 'இறப்பு' என்று தட்டினாள்.

நான் அடையாள அட்டையைக் கழற்றி அங்கேயே வைத்துவிட்டு வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். அன்று யாருமே கை நீட்டவில்லை.

மறுநாள் குழுவின் தலைவர் காரில் வந்தார். கோபப்படவில்லை. ஆதாரம் இல்லாமல் அரசாங்கம் எதுவும் செய்யாது, உங்களைப் பற்றி எழுத வேறு யார் இருக்கிறார்கள் என்றார். அது முழுப் பொய்யும் இல்லை, அக்கா. அந்த அறிக்கையை இணைத்துத்தான் பட்டாவுக்கு மனு கொடுத்திருக்கிறோம். பிறகு பையிலிருந்து, ரத்தம் எடுத்த அன்று நீ கைநாட்டு வைத்த சம்மதப் படிவத்தை எடுத்தார். முடிவுகள் தனித்தனியாகத் தெரிவிக்கப்பட மாட்டா என்று அதில் ஒரு வரி இருந்தது.

"இத நீதானம்மா எல்லாருக்கும் படிச்சுக் காட்டின?"

படித்தேன். அந்த ஒரு வரியை மட்டும் தாண்டினேன். அதைக் கேட்டால் யாரும் வர மாட்டார்கள் என்று எனக்குத் தெரிந்திருந்தது. ஆபத்தென்றால் சொல்லாமலா இருப்பார்கள் என்றும் நினைத்தேன். அதை எல்லோர் முன்னாலும் ஒப்புக்கொண்டேன்.

அம்மா என் பக்கம் திரும்பவே இல்லை. வெளியாட்கள் முன்னால் வாய் திறக்காதவள், அவரைப் பார்த்து மெதுவாகச் சொன்னாள்:

"எழுதிக்கினேதான் இருக்கீங்க. எம்பொண்ணுக்கு ரத்தம் இல்லன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா தூக்கிக்கினு ஓடியிருப்போம்பா. உங்களுக்குத் தெரிஞ்சிருக்குது."

அவர் படிவத்தைப் பையில் வைத்துக்கொண்டு காரில் ஏறினார். இரண்டு வாரம் கழித்துத் தபாலில் ஒரு பெரிய உறை வந்தது. எல்லோருடைய பழைய முடிவுகளும் இருந்தன. கூடவே கடிதம் எதுவும் இல்லை. ஒரு எழுத்தும் விடாமல் ஒவ்வொருவருக்கும் படித்துக் காட்டினேன். பச்சையம்மாவுக்கும் சரோஜாவுக்கும் உன்னைப் போலவே சிவப்பு எண். அடுத்த நாள் காலை முதல் பஸ்ஸில் இருவரையும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். ரத்தம் ஊறுவதற்கு ஊசி போடுகிறார்கள். பச்சையம்மா இப்போது தண்ணீர்க் குடத்தைத் தானே தூக்கிக்கொண்டு நடக்கிறாள்.

அவளைப் பார்த்தால் எனக்குச் சந்தோஷம் வர வேண்டும், இல்லையா? வரவில்லை. ஒரு பஸ், நாலைந்து ஊசி, இவ்வளவுதானா என்றுதான் தோன்றுகிறது.

அம்மா இன்னும் என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. உன் முடிவு இருந்த தாளை அவளே வாங்கி வைத்துக்கொண்டாள்.

என்னை மன்னித்துவிடு என்று உன்னைக் கேட்க மாட்டேன். உன் மகள் வளர்ந்து, நீ எப்படிச் செத்தாய் என்று ஒருநாள் கேட்பாள். ஆராய்ச்சிக்காரர்கள்மேல் பழியைப் போட்டுவிட்டு நான் ஒதுங்கிக்கொள்ள மாட்டேன். உன்னை அந்த நாற்காலியில் உட்காரவைத்தது யார் என்பதையும் அவளுக்குச் சொல்வேன். இது உன்மேல் சத்தியம்.

உன் கூடப்பிறந்தவள்,
அமுதா