பராமரிப்புக்காக நிறுத்தப்பட்ட நாட்கள்

நேற்று மதியம் வணிகவியல் துறை அறைக்குள் நுழைந்ததும் புது அச்சு மையின் வாடை மூக்கில் ஏறியது. மேசைமேல் உன் புத்தகத்தின் மறுபதிப்பு, ஒரு கட்டு. ஆலை நிர்வாகம் கல்லூரிக்கு இலவசமாக அனுப்பியிருந்தது. வழவழப்பான தாள், பக்கத்துக்குப் பக்கம் வண்ணப் படங்கள், உள்ளே பொடி எழுத்தில் உன் பெயர். மாணவர்களுக்கான பரிந்துரை நூல்களை முடிவுசெய்வது இந்த ஆண்டும் என் வேலைதான். நிதி, நிர்வாகம் இரண்டுக்கும் நூல்கள் குறித்தாகிவிட்டது. நிறுவன வரலாறு என்ற இடம் மட்டும் காலியாக இருந்தது.

உன் மனைவி காலையிலேயே கூப்பிட்டிருந்தாள். "அவரு பொஸ்தகத்த சேர்த்துடுண்ணே. காலேஜ் புள்ளைங்க வாயில அவரு பேரு வரணும். வேற இன்னா கீது எனக்கு?" என்றாள். பார்க்கிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

இந்த மாதிரிப் புத்தகங்களை எனக்குக் காட்டியதே நீதான். ஆலைக் கணக்குப் பிரிவில் வேலை முடிந்ததும் நேரே கொருக்குப்பேட்டை பழைய பேப்பர் கடைக்கு வருவாய். கம்பெனிகளின் பொன்விழா மலர், வெள்ளிவிழா மலர் எல்லாம் அங்கே எடைக்குக் கிடைக்கும். குத்துக்காலிட்டு உட்கார்ந்து புரட்டுவாய். "எல்லா முதலாளியும் ஏழையாப் பொறந்து நல்லவனாவே செத்துகினு கீறான், மாமு. வேலை செஞ்சி செத்தவன் ஒருத்தன் பேரு உள்ள கீதா பாரு. இல்லன்னா பஜ்ஜி மடிக்கக் குடுத்துடு." கடைக்காரரும் சேர்ந்து சிரிப்பார். நான் வகுப்பில் நிறுவன வரலாறு நடத்தும் முறையே அந்தக் கடை வாசலில் கற்றதுதான்.

பிறகு என் அண்ணன். அதே ஆலையில் கிரேன் சங்கிலி அறுந்து இரும்புக் கம்பிச் சுருள் அவன்மேல் விழுந்தது. பழைய சங்கிலி என்று அவன் முன்பே எழுதிக் கொடுத்திருந்தான். அது உனக்குத் தெரியும். பாடையை முன்னால் தூக்கியவர்களில் நீயும் ஒருவன். சங்கிலியை மாற்றும்வரை உள்ளே போக மாட்டோம் என்று ஆட்கள் எண்ணூர் சாலையில் உட்கார்ந்தபோது நீயும் வெயிலில் உட்கார்ந்தாய். அன்று உன்னைவிட நெருங்கியவன் எனக்கு யாருமில்லை.

அதற்குப் பிறகுதான் உன்னைத் தலைமை அலுவலகத்துக்கு மாற்றினார்கள். ஆலையின் வரலாற்றைப் புத்தகமாக எழுதும் பொறுப்பையும் கொடுத்தார்கள். அச்சானதும் முதல் பிரதியை நீயே கொண்டுவந்து தந்தாய். அந்த ஆண்டைத் தேடிப் பார்த்தேன். "பராமரிப்புக்காக ஆலை சில நாட்கள் நிறுத்தப்பட்டது." அவ்வளவுதான்.

திருவொற்றியூரில் உன் வீட்டு வாசலில் நின்று கேட்டேன். "பஜ்ஜிக் கடைக்குப் போட்டுடட்டுமாடா?"

நீ சிரிக்கவில்லை. "அத எழுதுனா பொஸ்தகமே வராது, மாமு."

"வராம போவட்டும்."

"நான் எழுதலன்னா வேற எவனாவது எழுதுவான். அவன் அந்த ஒரு வரிகூடப் போட மாட்டான்."

அந்த ஒரு வரிக்காக நான் நன்றி சொல்ல வேண்டும் என்று நினைத்தாயா? அதற்குப் பிறகு உன்னோடு பேசவில்லை. நீ ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும் வரவில்லை, உன் சாவுக்கும் வரவில்லை. வந்திருக்க வேண்டும் என்று இப்போதும் எனக்குத் தோன்றவில்லை.

நேற்று மாலை உன் புத்தகத்தைப் பட்டியலில் சேர்த்துவிட்டேன். உன் மனைவி போனிலேயே அழுதாள். "நல்லா இருப்பண்ணே" என்றாள். காரணத்தை அவளிடம் சொல்லவில்லை. உன்னிடம் சொல்கிறேன். ஒரு பொய்யன் எழுதியிருந்தால் அந்தப் புத்தகத்தைத் தொட்டிருக்கவே மாட்டேன். எழுதியவன் நீ என்பதால்தான் பிள்ளைகள் அதைப் படிக்க வேண்டும். அந்தப் பக்கம் வரும்போது என் அண்ணன் பெயரைக் கரும்பலகையில் எழுதுவேன். அவனைச் சுமந்தவன்தான் அந்த வரியை எழுதினான் என்று சொல்வேன். உன் பெயரையும் சொல்வேன். உன் மனைவி கேட்டது அதைத்தானே. ஆண்டுதோறும் புதுப் பிள்ளைகள் வருவார்கள். நான் ஓய்வு பெறும்வரை ஒவ்வோர் ஆண்டும் சொல்வேன்.