போட்டதெல்லாம் காலி

அண்ணா,

நம் சால்மன் பண்ணையின் தீவனப் படகில் உன் கத்தி இத்தனை நாளும் அதே ஆணியில்தான் தொங்கியது. நேற்றுதான் அதை எடுத்தேன்.

சோயாவைக் கூட்டிப்போட்ட மலிவுத் தீவனத்தை நான் இறக்கிய அன்று, "வாரத்துக்கு ஒரு மீனை அறுத்து, கடைசிக் குடலுக்குள்ள விரலை விட்டுப் பாரு. மடிப்பு தட்டுப்படலைன்னா குடல் தேஞ்சுபோச்சுன்னு அர்த்தம், தீவனத்தை நிறுத்திடு" என்றாய். நான் கேமராத் திரையைக் காட்டிச் சிரித்தேன். "போட்டதெல்லாம் காலியாகுது. இதுங்களுக்கா சீக்கு?" அந்தச் சண்டையோடு பெர்கன் நகரத்துக்குப் போனவன்தான் நீ.

பிறகு மீன்கள் மெலிந்தன. பசி என்று நினைத்து இன்னும் அள்ளிப் போட்டேன். அதையும் தின்றன.

நேற்று மீன் வைத்தியர் ஓட்மாரும் நானும் பத்து மீன்களை அறுத்தோம். ஒன்றிலும் மடிப்பே இல்லை. கண்ணாடியைத் தொட்டதுபோல் விரல் வழுக்கியது. தின்றது எதுவும் உடம்பில் ஒட்டவில்லை. ஓட்மார் கையைக் கழுவிக்கொண்டே, "ரெண்டு மாசம் முன்னாடி பாத்திருந்தா தேத்தியிருக்கலாம். இப்ப ஒண்ணும் பண்ண முடியாது" என்றான். வெள்ளிக்கிழமை கூண்டுகளைக் காலிசெய்யக் கப்பல் வருகிறது.

போனில் நீ அப்பாவைப் பற்றிக் கேட்கும்போதெல்லாம், "நல்லா சாப்பிடுறாரு" என்றேன். அது பொய்யில்லை. இன்றும் அவித்த மீனையும் உருளைக்கிழங்கையும் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார். போன வாரம் அவருக்குச் சட்டை மாற்றிவிடும்போதுதான் என் விரல் முதுகில் பட்டது. எலும்பு ஒவ்வொன்றாகத் தட்டுப்பட்டது.

டாக்டரிடம் காட்டினேன், அண்ணா. ஓட்மார் சொன்னதையேதான் அவரும் சொன்னார்.

உன் தங்கை