எட்டு பவுண்டு சரிதான்

அன்புள்ள அப்பாவுக்கு,

டெல்லா எழுதுகிறேன். அலாஸ்காவில் பனி தொடங்கிவிட்டது. மீன் தொழிற்சாலையில் கை விறைப்பதைத் தவிர எனக்கு ஒரு குறையும் இல்லை. உங்கள் முழங்கால் வலி தேவலையா?

இந்த வருடம் மலை ஏறும்போது துப்பாக்கி கனக்கிறது, எதையாவது கழற்றலாமா என்று கேட்டிருந்தீர்கள். நான் சொன்னபடியே அதைத் தோளில் மாட்டிக்கொண்டு ஒரு முறையும், சுவரில் சாய்த்துவிட்டு ஒரு முறையும் எடை மெஷினில் ஏறி நின்று, 146 பவுண்டு, 138 பவுண்டு என்று எழுதியிருக்கிறீர்கள். தொலைநோக்கி, தோள்வார், தோட்டா எல்லாம் சேர்த்து எட்டு பவுண்டு. நம் மொன்டானா மலையில் எல்க் மான் வேட்டைக்கு அதுதான் சரியான கனம். இன்னும் குறைந்தால் மூச்சு வாங்கும்போது குழல் ஆடும், சுட்டால் தோளை உதைக்கும்.

கணக்கு சரியாக வந்த சந்தோஷத்தில் அறைத்தோழி வினோனாவிடம் காட்டினேன்.

"ஏன்டி, உங்கப்பா இவ்ளோ ஒல்லியா?" என்றாள்.

"போடி, அவரு வந்து நின்னா வாசலே அடைஞ்சிடும்" என்றேன்.

பிறகுதான் அந்த இரண்டாவது எண்ணை மறுபடி பார்த்தேன். வசந்தத்தில் நான் கிளம்பியபோது நீங்கள் இருநூறு பவுண்டுக்குக் குறையவில்லை.

துப்பாக்கியில் எதையும் கழற்ற வேண்டாம், அப்பா. நாளைக்கே டாக்டரிடம் போங்கள். அவர் சொல்வதை மறைக்காமல் எழுதுங்கள். அலமாரியில் அம்மாவின் கம்பளிக் கையுறை இருந்தால் அனுப்புங்கள்.

தபால் படகு கிளம்பப்போகிறது. நான் வரும்வரை மலைக்குப் போகாதீர்கள். துப்பாக்கியை நான் சுமக்கிறேன், நீங்கள் கைவீசிக்கொண்டு கூட வந்தால் போதும்.

உங்கள் மகள்,
டெல்லா