லிஃப்ட் அறைமேல் ஒரு தொலைநோக்கி

என் வாயாடிக்கு,

உன் கழுத்துவலி தேவலையா? அம்மா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா? நான் சௌக்கியம். சௌக்கியம் என்ன, கால் தரையில் பாவவில்லை! நீ "சரி, வாங்கிக்கோங்க" என்று சொன்ன லென்ஸ் தொலைநோக்கி வந்துவிட்டது. பச்சைக்குழந்தை மாதிரி அணைத்து மொட்டைமாடிக்குக் கொண்டுபோனேன். படியில் லேசாகச் சறுக்கி என் முழங்கால்தான் சிராய்த்தது. தொலைநோக்கியில் ஒரு கீறல்கூட இல்லை, கவலைப்படாதே.

உயரமான இடமாயிற்றே என்று லிஃப்ட் மோட்டார் அறையின் கூரையில் நிறுத்தி, கேமராவை மாட்டிப் படம் எடுத்தேன். ஒவ்வொரு நட்சத்திரமும் புழுவாக நெளிந்தது. விற்றவரைத் திட்டித் தீர்த்தேன். என் அறையில் தங்கியிருக்கும் சமையல்காரர் எட்டிப் பார்த்தார்.

"ஏம்ப்பா, கீழ லிஃப்ட் ஓடுறப்பல்லாம் இது ஆடாதா? இனிமே லிஃப்ட் மெக்கானிக்குன்னு வெளிய சொல்லிக்காத!"

மாடியின் மூலைக்கு மாற்றினேன். அடுத்த படத்திலேயே ஓரியன் நெபுலா என்ற வாயு மேகம்! வெறும் கண்ணுக்கு மங்கலான புள்ளி, படத்தில் ரோஜா நிறத்தில் விரிந்து கிடக்கிறது. "இங்க பாரேன்!" என்று கத்தித் திரும்பினேன். சமையல்காரர் எப்போதோ தூங்கப் போயிருந்தார்.

படத்தை இதோடு வைத்திருக்கிறேன். தொலைநோக்கியைப் போர்த்த உன் பழைய பருத்திப் புடவை ஒன்று அனுப்பு. லென்ஸுக்குத் தூசி ஆகாது, நன்றாகத் துவைத்து அனுப்பு. கம்பெனி வண்டி ஹாரன் அடிக்கிறது, ஓடுகிறேன்.

உன் வீட்டுக்காரன்

பி.கு.: புடவையைத் துவைக்க வேண்டாம். கட்டியதை அப்படியே அனுப்பு. தொலைநோக்கிக்கு வேறு துணி பார்த்துக்கொள்கிறேன்.