ஒற்றை முழங்கால்

செம்மேடு,
ஜூலை 22.

அன்பு மகள் ஜாஸ்மினுக்கு,

அப்பா எழுதுவது. நான் நலம். நீயும் உன் பயிற்சிப் பிள்ளைகளும் நலமாயிருக்க ஆண்டவரை வேண்டுகிறேன். போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் நீ போனில் பேசும்போதெல்லாம் பயிற்சி நடக்கும் ஏரிக்கரையில் உனக்காக யாரோ காத்திருப்பதுபோலவே எனக்குத் தோன்றும். சொல்ல வந்ததை விட்டுவிட்டு வைத்துவிடுவேன்.

இங்கே விடாத சாரல். மிளகுக் கொடிக்கு நல்லது என்கிறார்கள். பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்று இத்தனை வருடமாகியும், காலையில் குளித்துச் சட்டை போட்டுத் தயாராகிவிடுகிறேன். அதன்பிறகு என்ன செய்வதென்றுதான் தெரிவதில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். நம் மலையில் எடப்புளி நாட்டு ஊரிலிருந்து நீ படகுப் பயிற்சிக்கு அழைத்துப்போன பூங்குழலியை அவள் அப்பா சின்னுசாமி திரும்பக் கூட்டிவரப் போகிறார். ஆடி நோம்பி முடிந்ததும் ரயில் ஏறுகிறாராம். அடுத்த மாதம் அவளுக்குத் தேர்வுப் போட்டி இருக்கிறது என்று சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை.

காரணம் ஒரு போட்டோ. பூங்குழலி தன் அண்ணன் போனுக்கு அனுப்பியிருக்கிறாள். படகுக்குள் ஒற்றை முழங்காலை ஊன்றி, துடுப்பைப் பிடித்திருக்கிறாள். அவள் அம்மா பாப்பாத்தி மழையில் நனைந்துகொண்டே என் வீட்டுக்கு வந்துவிட்டாள். "ஏனுங்க சார், எம்புள்ள என்ன தப்புப் பண்ணுச்சுங்க? எதுக்கு முட்டி போட வெச்சிருக்காங்க?" என்று ஒரே அழுகை. அந்தப் படகை அப்படித்தான் ஓட்டவேண்டும் என்றேன். பூங்குழலியும் போனில் அதையே சொன்னாளாம். "கூட இருக்கறவங்க சொல்லிக் குடுத்துப் பேசுறா" என்றாள் பாப்பாத்தி.

வாயால் சொன்னது போதவில்லை என்று ஞாயிறு பூசை முடிந்து அவர்கள் வீட்டுக்கே போனேன். களத்தில் சாக்கை மடித்துப் போட்டு, ஒரு முழங்காலை ஊன்றி, துடைப்பத்தைத் துடுப்பாக வைத்துக்கொண்டு ஓட்டிக் காட்டினேன். "நல்லாத்தானுங்க ஓட்டறீங்க சார், ஆனா ஊடு இன்னும் நவுரலீங்களே!" என்று சின்னுசாமி சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. பிறகு எழுந்திருக்க முடியவில்லை. இருவருமாகத் தூக்கிவிட்டார்கள்.

பாப்பாத்தி மட்டும் சிரிக்கவில்லை. "இத்தனூண்டு நேரத்துக்கே உங்களுக்கு இப்படி ஆகுது. உங்க ஜாஸ்மின் கண்ணுக்கும் இதுலதானுங்க முட்டி போச்சு?" என்று கேட்டாள்.

ஆமாம் என்றேன். வேறென்ன சொல்வது? நீ வாங்கிய பதக்கங்களையும், மூட்டு கெட்டுப் போட்டியை விட்டதையும், பிறகு பயிற்சியாளர் ஆனதையும், உன்னைப்போல யாருக்கும் ஆகக்கூடாதென்று பிள்ளைகளின் முழங்காலுக்கு அடியில் மெத்தை வைத்துப் பார்த்துப் பார்த்துப் பழக்குவதையும் வரிசையாகச் சொன்னேன். மூட்டு கெட்டுப்போனதைச் சொல்லியிருக்க வேண்டாமோ என்று வீடு திரும்பும் வழியெல்லாம் யோசித்தேன். அவர்கள் காதில் அதுதான் நின்றது.

வீடியோவில் உன்னைப் பேசச் சொல்கிறேன் என்றதற்கு, "போனுல இடுப்புக்கு மேலதானுங்க தெரியுது? கண்ணு நேர்ல வந்து இந்தக் களத்துல நாலு எட்டு நடக்கட்டும். பார்த்துட்டா, எம்புள்ள அங்கயே இருக்கட்டும்னு நானே சொல்றேன்" என்றாள். சின்னுசாமியும் அதற்குச் சம்மதித்திருக்கிறார்.

புறப்படும்போது, "இப்ப நல்லா நடக்குதுங்களா?" என்றாள். நன்றாக நடக்கிறாள் என்றேன். முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு நீ நடந்து நான் பார்த்ததில்லை என்பது அதைச் சொன்ன பிறகுதான் உறைத்தது.

லீவு கிடைப்பது கஷ்டம் என்று தெரியும். ஒரு நாள் வந்தாலும் போதும். மலை பஸ்ஸில் காலை மடக்கி உட்காராதே. முன் சீட்டில் நீட்டி உட்காரலாம். நான் அடிவாரத்துக் காரவள்ளிக்கே இறங்கி வந்து நிற்கிறேன். எனக்காகக் கூப்பிடுகிறேன் என்று நினைத்துவிடாதே. பூங்குழலிக்காகத்தான் எழுதுகிறேன். வர முடியாவிட்டால், பாப்பாத்தியிடம் நான் என்ன சொல்வது என்பதையாவது எழுது.

உன் கால்களுக்கு ஆண்டவர் துணையிருக்கட்டும்.

உன் அப்பா,
ஆரோக்கியராஜ்